சுவரைப் பார்த்துப் படுப்பவர்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் என் வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்து என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. மனிதர் கையை அங்கேயே நிறுத்திவிட்டு, நெற்றியைக் கீழே இறக்கிக்கொண்டுவந்து விரலில் தொட்டுக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னிடம், "இத்தன வருசம் வெளிநாட்டுல இருந்தும் ஒங்க வீட்டுக்காரருக்குப் பக்தி கொறையலம்மா. என்னா பணிவு" என்றார். நானும் ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பக்தியுமில்லை, பணிவுமில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தினமும் காலையில் இதே கூத்து. எழுந்ததும் வலது கை மரக்கட்டையாகிவிடும். சட்டையில் கை நுழையாது, தலை சீவ வராது, பல் துலக்குவது இடது கையால். காபி குடித்து, வாசலில் கொஞ்சம் வெயிலில் நின்று, பத்து மணி ஆனால் தானாக இளகிவிடும். மத்தியானம் அதே கையால் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவார். நான் அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பரீட்சை அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி வந்து, மணி அடித்ததும் சரியாகிப்போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்தவள். இவருக்கும் அந்த வியாதிதான் என்று முதலில் நினைத்தேன். காலையில்தானே நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் தேங்காய் திருகச் சொல்வேன்.

அவர் குவைத்திலிருந்து வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகள் பால்வாடிக்குப் போன காலத்தில் விமானம் ஏறியவர், அவள் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு திரும்பி வந்தார். நடுவில் லீவில் வருவார், போவார். அறந்தாங்கியில் எங்கள் தெருவில் அது ஒன்றும் அதிசயமில்லை, வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான். இந்தத் தடவை லீவா, ஒரேயடியாக வந்துவிட்டாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் "பாப்போம்" என்பார். எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை ஒருவர் ட்ராவல்ஸ் வைத்திருக்கிறார், இவரை முதன்முதலில் அனுப்பியவரும் அவர்தான். வாரம் தவறாமல் போன் செய்து, "மாப்ள, பழைய எடத்துலயே கேக்குறாங்க, சூப்பர்வைசரா போயிரலாம்" என்பார். அவரிடமும் இவர் "பாப்போம் மச்சான்" என்றுதான் சொல்வார். யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்ல இவருக்கு வராது. அது எனக்குத் தெரிந்த குணம்தான். ஆனால் அந்தப் "பாப்போம்" எனக்குச் சொன்னதா, அவருக்குச் சொன்னதா என்று புரியாமல் நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வந்த இரண்டாம் நாளே, அறையின் நடுவில் கிடந்த எங்கள் பெரிய கட்டிலை அவராகவே தள்ளிக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டார். "இடம் தாராளமா இருக்கும்ல" என்றார். சுவர் ஓரம் அவர், இங்கிட்டு நான். படுத்த உடனே வலது பக்கமாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச்சில்லை. எனக்கு முதுகு மட்டும்தான் தெரியும். இவ்வளவு காலம் கழித்து வந்த மனிதருக்கு என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லையா, வயசாகிவிட்டதா எனக்கு, பேசாமல் குவைத்திலேயே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறாரா என்றெல்லாம் மனசு ஓடும். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டாவது ஒழுங்காக வைக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், அவருடைய அக்கா, தினம் காலையில் வந்து தம்பியின் தோளைப் பார்த்துவிட்டுப் போவார். "வாய்வுதான், வேற என்ன. அங்கிட்டு ஏசியிலயே கெடந்த ஒடம்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூண்டை வதக்கிக் கொடுத்தோம். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். இவரே கொண்டுவந்திருந்த வெளிநாட்டுத் தைலத்தைத் தேய்த்தோம். தேய்க்கும்போது சுகமாக இருக்கும், மறுநாள் காலையில் பழைய மரக்கட்டைதான். வீடு முழுக்கப் பூண்டும் தைலமும் மணந்ததில், பள்ளிக்கூடத்தில் பக்கத்து நாற்காலி டீச்சர் என்னைப் பார்த்து, "ஒடம்புக்கு முடியலையா டீச்சர்" என்று விசாரித்தார்.

பூசையில் நெற்றி கீழே இறங்கிவந்த அந்த வாரம்தான் அவரைப் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். எலும்பில் ஒன்றுமில்லை, பிசியோதெரபியில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தது சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "காலையில மட்டுந்தானா சார் வலிக்குது? பகல்ல இல்லையா?" என்று கேட்டாள்.

"பத்து மணிக்கு மேல தெரியாதும்மா."

"எப்படிப் படுப்பீங்க?"

"எல்லாரும் படுக்குற மாதிரிதான்" என்றார்.

"அப்படிச் சொன்னா எப்படி சார். இந்த டேபிள்ல வீட்டுல படுக்குற மாதிரியே படுத்துக் காட்டுங்க."

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அந்த மேஜை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் பாதியை விட்டுவிட்டு, சுவரில் மூக்கு முட்டுகிற அளவுக்கு நகர்ந்தார். வலது பக்கம் திரும்பினார். வலது கையை மடக்கித் தலைக்குக் கீழே கொடுத்தார். முழங்கால்களை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த மனிதர், ஒரு சாக்குமூட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிற வீட்டில் அவர் இப்படியா படுத்திருந்தார் என்று நான் அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இவ்வளவு இடம் இருக்குல்ல சார், ஏன் இப்படி மடங்குறீங்க?"

இவர் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "ரூம்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா கட்டில். எனக்குக் கீழ்க்கட்டில். டூட்டி முடிஞ்சு ஒரு ஆளு வருவான், கெளம்ப ஒரு ஆளு எந்திரிப்பான், லைட்டு அணையவே அணையாது. சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாத்தான் கண்ணுல வெளிச்சம் விழாது. கால நீட்டுனா பக்கத்துக் கட்டில்காரன் பெட்டி இடிக்கும். தலகாணிக்குள்ள பர்ஸு இருக்கும், அது கழுத்துல குத்தும், அதான் கைய வச்சுக்குறது. பழகிப்போச்சும்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை. என்னைப் பிடிக்காமல் திரும்பவில்லை இந்த மனிதர். குவைத்தில் எரிந்த ட்யூப்லைட்டுக்குப் பயந்து, அறந்தாங்கி வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அத்தனை நாள் நான் உருட்டிய பாத்திரங்களை நினைத்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது, அதைவிட நிம்மதி பெரிதாக வந்தது.

அந்தப் பெண் விவரமாகச் சொன்னாள். இரவு முழுக்க உடம்பின் பாரம் அந்த ஒரு தோளிலேயே இறங்குகிறது, கை மடங்கியே கிடக்கிறது, அதனால்தான் காலையில் இறுக்கிக்கொள்கிறது. வலது பக்கம் படுப்பதை விடவேண்டும். இடது பக்கம் திரும்பி, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் வலது கையைப் போட்டுக்கொண்டால் தோள் முன்பக்கம் தொங்காது. தலைக்கு வைப்பது கழுத்து மேலேயும் தூக்காமல் கீழேயும் சாயாமல் நேராக இருக்கிற உயரம் போதும். முழங்கால் நடுவில் இன்னொரு சின்னத் தலையணை. மல்லாந்து படுத்தாலும் சரி, அப்போது முழங்கைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைக்கவேண்டும். எழுந்ததும் கையை வெடுக்கென்று இழுக்காமல், படுக்கையிலேயே மெதுவாக ஆட்டிவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றவேண்டும். வலி பொறுக்கிற வரைக்கும்தான், அதற்கு மேல் வேண்டாம். கை மரத்துப்போனாலோ, பகலிலும் வலி விடாவிட்டாலோ உடனே வரச் சொன்னாள்.

எல்லாம் சரி. இடது பக்கம் திரும்பினால் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் சுவர் இல்லையாம். சுவர் இருந்தால்தான் கண் மூடுமாம்.

கட்டிலை மேற்குச் சுவருக்குத் தள்ளலாம் என்றால் அங்கே குளியலறைக் கதவு. நான் சுலபமாக ஒரு வழி சொன்னேன். கட்டில் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், தலையணையை மட்டும் கால்மாட்டுக்கு மாற்றிவிட்டால் சுவர் இடது பக்கம் வந்துவிடும். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப தல வடக்க வந்துருமே" என்றார்.

"வந்தா என்ன?"

"வடக்க தல வச்சுப் படுக்கக் கூடாது."

"நாம ஞாயிற்றுக்கெழம கோயிலுக்குப் போற ஆளுங்க. எந்தச் சாமியார் பிரசங்கத்துல இதச் சொன்னாரு?"

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, படிச்ச புள்ள தானே நீ. வடக்க தல வைக்கலாமா. தம்பி, நீ கைய முடமாக்கிக்கிட்டாலும் பரவாயில்ல, வடக்க மட்டும் வைக்காத" என்றார். சாயங்காலம் திருச்சியிலிருந்து போனில் வந்த மகளும் அத்தை கட்சிக்குப் போய்விட்டாள். மறுநாள் வகுப்பில் காந்தம் பற்றிய பாடத்தின் நடுவில் பிள்ளைகளைக் கேட்டேன். ஒரு கை பாக்கியில்லாமல் உயர்ந்தது, "கூடாது டீச்சர்" என்று ஒரே குரல். ஆவூர்ப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் நான். என் அம்மாவுக்குப் போன் செய்தால் அவராவது என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். "பொணத்தத்தான்டி அப்படிக் கெடத்துவாக" என்று சொல்லி வைத்துவிட்டார். ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஆக மிச்சம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. தலை தெற்கே, முகம் இடது பக்கம். அங்கே சுவர் இல்லை. நான் இருந்தேன்.

பகலில் பழகினால் இரவில் வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஒத்திகை பார்த்தோம். அவர் இடது பக்கம் திரும்பினார். நான் கடைத்தெருவில் வாங்கிவந்த இலவம்பஞ்சுத் தலையணையை அவர் நெஞ்சோடு வைத்து, வலது கையை எடுத்து அதன்மேல் போட்டேன். இன்னொன்றை முழங்காலுக்கு நடுவில் செருகினேன். அவர் மறுபடி அங்கிட்டு உருண்டுவிடாமல் முதுகுக்குப் பின்னால் போர்வையைச் சுருட்டி அணை கொடுத்தேன். எல்லாம் முடித்து நானும் படுத்துப் பார்த்தால், முகத்துக்கு நேரே முகம். தலையணைக்கு மேலே இரண்டு கண்கள்.

இத்தனை காலம் தனியாகவே தூங்கிப் பழகியவள் நான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேனா, குறட்டை விடுகிறேனா என்பதெல்லாம் எனக்கே தெரியாது. கூச்சம் பிடுங்கித் தின்றது.

"என்ன பாக்குறீங்க?" என்றேன்.

"கண்ண மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"மூடிக்கிட்டே பாக்குற மாதிரி இருக்கு."

"நீ வேணா அங்கிட்டுத் திரும்பிப் படு டீச்சர்" என்று கண்ணைத் திறந்து சிரித்தார். நான் திரும்பவில்லை. வீம்புதான்.

அன்றைக்கு இரண்டு பேருமே தூங்கவில்லை. பேசினோம். சுவரோடு பேச முடியாது, அதனால்தான் அத்தனை நாள் பேச்சில்லாமல் இருந்திருக்கிறார் போலிருக்கிறது. முகம் எதிரே வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. அறைக்குச் சமைத்துப் போட்ட பொன்னமராவதிக்காரர் எல்லாக் குழம்பிலும் சர்க்கரை போட்டுவிடுவார் என்றும், யாரும் அதைச் சொல்லத் தைரியமில்லாமல் கடைசி வரைக்கும் இனிப்புக் குழம்பே சாப்பிட்டார்கள் என்றும் சொன்னார். நான் எங்கள் தலைமையாசிரியர் ஆன்லைன் வருகைப்பதிவோடு நடத்தும் யுத்தத்தைச் சொன்னேன். அவர் குலுங்கிச் சிரித்ததில் முழங்கால் தலையணை கீழே விழுந்தது. சாயங்காலக் காபிக்கு நேரமாகிவிட்டதுகூடத் தெரியவில்லை.

கை உடனே சரியாகிவிடவில்லை. சில காலை நேரங்களில் பார்த்தால் போர்வை அணையைத் தாண்டிப் பழையபடி சுவரைப் பார்த்துச் சுருண்டிருப்பார், அன்றைக்குத் தோள் பழையபடி முரண்டு பிடிக்கும். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. காலையில் ஒத்தடம் முடிந்ததும் ஹால் சுவரில் விரல்களை நடக்கவிடுவார். எட்டுகிற இடத்தில் நான் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். முதல் கோடு சுவிட்ச் போர்டுக்குக் கீழே இருந்தது. பிறகு போர்டைத் தாண்டியது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "சுவத்த ஏன் பாழாக்குறீங்க" என்று திட்டினாலும், கோடு எங்கே நிற்கிறது என்று தினமும் பார்க்காமல் போகமாட்டார்.

இதற்கு நடுவில் ட்ராவல்ஸ் அண்ணனிடமிருந்து போன் வந்தது. தோள் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "கை சரியானதும் ஒரு வார்த்த சொல்லுங்க மாப்ள. மெடிக்கல் பாஸாகணும்ல. ஆனதும் டிக்கெட்டப் போட்டுரலாம்" என்றார். இவர் "பாப்போம் மச்சான்" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சாக்பீஸ் எனக்குப் பாரமாகிவிட்டது. ஒரு கோடு மேலே ஏறினால் சந்தோஷமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். நானே வெந்நீர் வைத்து, நானே தலையணை செருகி, நானே கோடு போட்டு இவரை விமானத்துக்குத் தயார் செய்கிறேனே என்று தோன்றும். ஒருநாள் ஒத்தடம் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் சட்டையில் கை நுழையாமல் திண்டாடுவதைப் பார்த்த அடுத்த நிமிஷமே அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் நீளம்தான், ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. நான் கேட்டு அவர் இருந்தால், அவருக்கே இருக்கப் பிடித்து இருந்தாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும். இவரோ யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு கோடு போட்டேன். மழைக்காலம் முடியும்போது கோடு கதவு நிலையைத் தாண்டிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கை நேராக நெற்றிக்குப் போனது. அந்தப் பின்வரிசைப் பெரியவர்தான் கொஞ்சம் ஏமாற்றமாகப் பார்த்த மாதிரி இருந்தது.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டவேண்டும். மற்ற வருஷங்களில் எலக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்துக் கட்டுவேன். இந்தத் தடவை இவரே ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறினார். சன்ஷேடுக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் கம்பியை மாட்ட வலது கையைத் தலைக்கு மேலே முழுசாக நீட்டி, குதிகாலையும் தூக்கி நின்றார். அந்தக் கை நடுங்கக்கூட இல்லை. நான் கீழே நின்று வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். ட்ராவல்ஸ் அண்ணன்தான்.

"மாப்ள, தையிலயே ஆளக் கேக்குறாங்க. இதான் கடைசி சான்ஸு. கை எப்படி இருக்கு?"

எனக்கு வயர் கையில் இருப்பதே மறந்துவிட்டது. அவர் கீழே குனிந்து என்னைப் பார்க்கவில்லை. கொக்கியைப் பார்த்துக்கொண்டு, கம்பியை முறுக்கிக்கொண்டே, "எங்க மச்சான், தோளுக்கு மேல தூக்கவே வர மாட்டேங்குது" என்றார்.

"அப்படியா? இன்னுமா சரியாகல?"

"இனிமே சரியாகும்னு நம்பிக்கை இல்ல மச்சான். வேற ஆளப் பாருங்க."

அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். "தங்கச்சி பக்கத்துல இருக்கா? அதுகிட்டக் கேட்டாத்தான் உண்மை தெரியும். அது பொய் சொல்லாது" என்றார்.

பொய் சொல்லும் பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துகிறவள் நான். இங்கே ஒருவர் தானாகவே ஸ்டூல் மேல் ஏறி, கையையும் தூக்கிக்கொண்டு நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் முதன்முதலாகக் கீழே என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றேன், சட்டைப்பை இருந்த பக்கமாக அண்ணாந்து. "சோறுகூட நான்தான் ஊட்டிவிடுறேன்."